துரை தொட்டியில் கரைத்த முளைப்பாரி

என் தாய்மாமனுக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த நாளில் எங்கள் தோட்டத்தில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் மாமா, இன்னொருத்தி அவருடைய அக்காவான என் அம்மா. மற்றவர்கள் எல்லாரும், பெரிய கங்காணி முதல் துரை வரைக்கும், மாமா தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று நம்பினார்கள். நானும் நம்பினேன். எனக்கு அப்போது எட்டு வயது.

மலாயாவில், அலோர் காஜாவிலிருந்து லூபோக் சீனா போகிற பாதையில், உள்ளே நெடுந்தூரம் தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் வரிசை வீடுகளாக எங்கள் லயம், இரண்டுக்கும் நடுவில் மாரியம்மன் கோயில். துரையை நேராகப் பார்க்க முடியாது, ஆத்தாளைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்வார். அப்பா மரம் சீவுகிறவர்தான். ஆனால் திருவிழாவுக்கு உறுமி அடிப்பதும் அவர்தான். அதனால் பேச்சிலும் கொஞ்சம் தாளம் இருக்கும்.

பங்களாவுக்குப் பின்னால் துரை ஒரு சிமெந்துத் தொட்டி கட்டியிருந்தார். நீச்சல் குளம் என்ற பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. துரை தொட்டி என்போம். மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்து அதற்குத் தண்ணீர் வரும். குடிப்பதற்கு இல்லை, துவைப்பதற்கு இல்லை, துரை ஒருவர் கையையும் காலையும் அடித்துக்கொண்டு போய்த் திரும்புவதற்கு மட்டுமே அத்தனை தண்ணீர் என்பது லயத்துப் பெண்களுக்கு ஆறவே இல்லை. சுற்றிலும் கம்பி வேலி, வேலிக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு. துரையின் நாய் ஒரு தரம் உள்ளே விழுந்து தத்தளித்தபின் போட்ட பூட்டு அது என்று பங்களாத் தோட்டக்காரர் சொல்வார்.

அந்தத் தொட்டிக்குப் படி கிடையாது. இதுதான் முக்கியம். எங்கள் பெரியவர்கள் ஊரில் பார்த்த கோயில் குளம், ஊருணி எல்லாம் படி வைத்தவை. ஒவ்வொரு படியாக இறங்கும்போது ஆழம் எவ்வளவு என்று கால் நமக்குச் சொல்லிக்கொண்டே வரும். துரை தொட்டியில் இறங்க ஓர் இரும்பு ஏணி, அவ்வளவுதான். ஏணி இருந்த பக்கம் ஆள் இடுப்பளவு. அங்கிருந்து அடித்தரை சத்தமில்லாமல் சரிந்துகொண்டே போய் மறுமுனையில் ஆளையே விழுங்கிவிடும். மேலேயிருந்து பார்த்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சிரிக்கும்.

அந்த வருஷம் பங்குனியில் வெயில் கொளுத்தியது. லயத்துக்குக் கீழே ஓடிய சிற்றாறு, சுங்கை என்போம், வற்றிச் சேறாகி, சேறும் வெடித்துவிட்டது. கோயில் திருவிழாவில் கடைசி நாள் முளைப்பாரியை அந்தச் சுங்கையில்தான் விடுவது வழக்கம். வீட்டுக்கு வீடு சட்டியில் எருவும் மண்ணும் போட்டு நவதானியம் விதைத்து, வெயில் படாமல் இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்தால், வெளுத்த பச்சையில் முழ உயரம் முளைத்து நிற்கும். பெண்கள் அதைத் தலையில் சுமந்துபோய்த் தண்ணீரில் விட்டால்தான் வேண்டுதல் முடிந்ததாகக் கணக்கு. விதைத்தபோது எப்படியும் மழை வந்துவிடும் என்றிருந்தார்கள். மழை வரவில்லை. பயிர் மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

எனக்குத்தான் அதில் பெரிய பங்கு. அதற்கு முந்தின வருஷம் எனக்கு அம்மை போட்டு, கண் போய்விடும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அம்மா வேண்டிக்கொண்டாள்: கண்ணைக் கொடுத்துவிடு தாயே, அவள் கையாலேயே விதைத்து, அவள் தலையிலேயே சுமந்து, உன் தண்ணீரில் விடச் சொல்கிறேன் என்று. ஆத்தாள் கொடுத்துவிட்டாள். முகத்தில் நாலைந்து குழி மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. அதனால் என் அழகுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. வாங்கியதற்கு ஈடு செய்ய வேண்டாமா? சின்னப் பெண் தலைக்கு மண்சட்டி கனக்கும் என்று மாமா எனக்காக ஒரு மூங்கில் கூடை முடைந்து கொடுத்தார். அதில்தான் விதைத்தேன். தினமும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, வளர்ந்துவிட்டதா என்று விரலால் அளப்பேன். அம்மா கையைத் தட்டிவிடுவாள்.

பெரிய கங்காணி துரையிடம் போனார். வருஷா வருஷம் திருவிழாவுக்கு வந்து மாலை போட்டுக்கொள்கிற துரைதான். தொட்டித் தண்ணீர் பாசி பிடித்துப்போய்விட்டது, எப்படியும் திறந்துவிட்டுக் கழுவத்தான் போகிறேன், அதற்கு முன்னால் உங்கள் சாமிக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். நல்ல மனிதர். ஆனால் தொட்டிக்கென்று சட்டம் இருந்தது. வேலிக் கதவில் தொங்கிய வெள்ளைப் பலகையில் இங்கிலீசில் எழுதியிருந்ததை, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கோயில் வாசலில் எல்லாரையும் உட்காரவைத்துத் தமிழில் சொன்னார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. தொட்டிக்குள்ள எறங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் குளிக்கணும்."

"குளத்துல எறங்குறதுக்கு முன்னாடி குளிக்கணுமா?" என்று ஒரு கிழவி கேட்டாள். "அப்ப அந்தக் குளத்துல என்னதான் செய்யிறது?"

"பாட்டி, சும்மாயிரு. ஓரத்துல ஓடக் கூடாது. வழுக்கும். எச்சி துப்பக் கூடாது. வெத்தல போட்டவங்க வாயக் கொப்புளிச்சிட்டு வாங்க. சின்னப் புள்ளைங்க வேலிக்கு வெளியதான் நிக்கணும். வேண்டுதல் உள்ள புள்ளைங்கன்னா பெரியவங்க கூட எறங்கலாம். ஏணிப் பக்கத்த விட்டு அங்கிட்டு யாரும் போகக் கூடாது."

"இதெல்லாம் நம்ம ஊர்க் கோயில் குளத்துச் சட்டந்தானே," என்றார் கங்காணி. "இதுக்குப் போயி பலகையா?"

"இன்னும் முடியல. நீச்சல் தெரிஞ்ச ஆள் ஒருத்தர், ஆழம் தொடங்குற எடத்துல, கடைசி வரைக்கும் தண்ணியிலயே நிக்கணும். அப்படி ஆள் இல்லன்னா கதவத் தொறக்க மாட்டேன்னுட்டார் துரை. யாருக்கு நீச்சல் தெரியும்?"

கூட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் மழையைத் தேடிப் புறப்பட்டுக் கப்பலேறியவர்கள். கடலைப் பார்த்ததுகூட வாந்தி எடுத்துக்கொண்டு பார்த்ததுதான்.

"அட, ஆத்தோரத்துல பொறந்தவன் ஒருத்தன்கூடவா இல்ல?" என்றார் கிராணி. "அப்ப முளைப்பாரிய மாட்டுக்குத்தான் போடணும்."

அந்த வார்த்தையைக் கேட்டு நான் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அப்போதுதான் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"நான் இருக்கேன்ங்க."

அம்மாவின் மடி சட்டென்று விறைத்தது எனக்குத் தெரிந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

மாமா அப்போது கல்யாணமாகாத இளவட்டம். எங்களோடு ஒரே அறையில் இருந்தார். அதற்குப் பிறகு பிள்ளைகள் எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டோம். நீஞ்சிக் காட்டுங்கள் என்று கேட்டோம். லயத்து வாசலில் கிடந்த பெஞ்சின்மேல் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் வீசிக் காட்டினார். "இது தவளை நீச்சல். இது நாய் நீச்சல். இது மல்லாந்து தூங்கிக்கிட்டே போற நீச்சல்," என்றார். எங்கள் ஊர்க் கண்மாயை இக்கரையிலிருந்து அக்கரைக்கு வாயில் வெல்லக்கட்டியோடு கடப்பாராம். கரையேறும்போது வெல்லம் கரையாமல் இருக்குமாம். நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம். அது எப்படி முடியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

உள்ளே அம்மா என்ன பேசினாள் என்பதெல்லாம், நானே பிள்ளை பெற்ற பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"கண்மாயில எங்கடா தண்ணி இருந்துச்சு?" என்று கேட்டாளாம். "நான் பாக்காத கண்மாயா? புழுதியிலயா நீஞ்சின?"

"நிக்கத்தானேக்கா சொன்னாங்க. நீஞ்சவா சொன்னாங்க? நிக்க எனக்குத் தெரியும்."

"போயி, தெரியாதுன்னு சொல்லிட்டு வாடா."

"சொன்னா பூட்டிருவாங்க. அப்புறம் புள்ளயோட கூடைய என்ன செய்வ? கண்ணக் குடுத்தவகிட்ட மழ இல்லன்னு சொல்லுவியா?"

தம்பியைக் காட்டிக்கொடுத்தால் கோயில் வாசலில் பொய் சொன்னவன் என்ற பெயர் அவனுக்கு. காட்டிக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்கவும் பயம். மாமாவும் சும்மா இருக்கவில்லை. பங்களாத் தோட்டக்காரரைப் பிடித்து, அடித்தரை சரியத் தொடங்குகிற இடம் எது என்று கேட்டு, அதற்கு நேராக வேலிக் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வந்தார். அந்தத் துணிக்கு நேரே நின்றால் இடுப்பளவு. ஓரிரண்டு எட்டு தள்ளினால் கழுத்து. அதற்குமேல் அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மா தன் பங்குக்கு அப்பாவின் பழைய வேட்டிகளை முறுக்கி, நுனிக்கு நுனி முடிச்சுப் போட்டு, நீளமாக ஒன்று செய்தாள். செய்து மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தாள். எதற்கு என்று அப்பா கேட்டதற்கு, தம்பிக்கு ஒரு வேண்டுதல் என்றாள். மஞ்சளில் நனைத்த துணியை எங்கள் ஆட்கள் அதற்குமேல் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கடைசி நாள், வெயில் தாழ்ந்ததும் ஊர்வலம் மேட்டில் ஏறியது. முன்னால் அப்பாவின் உறுமி. பின்னால் கரகம். அதற்குப் பின்னால் நாங்கள் முளைப்பாரிக்காரிகள். என் கூடைக்கு மாமா ஒரு கதம்பச் சரம் சுற்றியிருந்தார். பூட்டுத் திறந்தது. துரை கழுத்தில் மாலையோடு ஓரமாக நின்றார். சட்டத்தை எங்கள் ஆட்கள் ஒன்று விடாமல் காப்பாற்றினார்கள். குழாயடியில் ஒவ்வொருவராகத் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வந்தோம். ஓடவில்லை. துப்பவில்லை. அந்தக் கிழவி வாயை மூன்று தரம் கொப்புளித்தாள்.

மாமா முதலில் இறங்கினார். சிவப்புத் துணிக்கு நேரே போய், எங்களைப் பார்த்தபடி இரண்டு கையையும் விரித்து நின்றார். தண்ணீர் பச்சையாக இருந்தது. இடுப்புக்குக் கீழே அவர் தெரியவில்லை. இடுப்பில் கட்டிய மஞ்சள் துணியின் மறுநுனி, மேலே தொட்டி விளிம்பில் நின்ற அம்மாவின் கையில். வந்த பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"இது என்ன வேண்டுதலடி?"

"தம்பிக்கு," என்றாள் அம்மா.

ஒவ்வொருவராக ஏணியில் இறங்கிச் சட்டியை விட்டார்கள். மண்சட்டி குபுக்கென்று குமிழி விட்டு முங்கியது. ஒவ்வொரு சட்டி முங்கும்போதும் குலவை. என் முறை வந்தது. பக்கத்து வீட்டு அத்தை என்னைக் கைப்பிடித்து இறக்கினாள். எனக்கு நெஞ்சளவு தண்ணீர். கூடையை விட்டேன்.

கூடை முங்கவில்லை.

மூங்கில் அல்லவா? ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முளைப்பாரி நிமிர்ந்தபடியே, கல்யாணப் பெண்போல மெல்ல நகர்ந்தது. நாங்கள் எழுப்பிய அலையே அதைத் தள்ளிக்கொண்டு போனது. மாமாவின் கைக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

"முங்கலயே," என்று மேலேயிருந்து ஒருத்தி சொன்னாள். "ஆத்தா ஏத்துக்கலையோ?"

எட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லலாமா? அத்தை கையை உதறிவிட்டுக் கூடையின் பின்னாலேயே போனேன். மாமா என்னைப் பிடிக்கத் திரும்பினார். அதற்குள் நான் அவரைத் தாண்டிவிட்டேன். இன்னும் ஓர் எட்டு வைத்தேன். அங்கே வைக்க ஒன்றும் இல்லை. வாயில் தண்ணீர் புகுந்தது, பாசி கசந்தது. பயப்படுவதற்குக்கூட நேரம் இல்லை. இரண்டு கைகள் என் இடுப்பைப் பிடித்து, அப்படியே மேலே தூக்கின.

அப்படி ஓர் உயரத்துக்கு என்னை யாரும் தூக்கியதில்லை. கரகம் தெரிந்தது. வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகள் எல்லாரும் தெரிந்தார்கள். பங்களாக் கூரை தெரிந்தது. அந்தத் தோட்டத்திலேயே துரையைவிட உயரத்தில் அன்றைக்கு நான்தான் இருந்தேன். கூடை கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. குனிந்து ஓர் அழுத்து அழுத்தினேன். தண்ணீர் ஏறி, கூடை முங்கியது.

ஆகா, அப்போது எழுந்த குலவை! "தாயே! மாரி!" என்று கூட்டமே கத்தியது. பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? கண் போக இருந்த பெண்ணைத் தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு கைகள் ஏந்தி நிற்கின்றன. தூக்கியவரின் தலை தெரியவில்லை. தண்ணீர் அவரைச் சுற்றிக் கொதிக்கிறது. அவருக்குச் சாமி வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள். அப்பா உறுமியை இன்னும் உருக்கமாக இழுத்தார். துரை ஓர் எட்டு முன்னால் வந்து ஏதோ கேட்டாராம். சாமி வந்திருக்கிறது, கிட்டே போகக் கூடாது என்று கிராணி தடுத்துவிட்டார். துரை தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றார். அத்தனை கூட்டத்தில் நீச்சல் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

மாமாவின் குடுமி அவிழ்ந்து என் காலருகே மிதந்தது. என் இடுப்பில் அவர் விரல்கள் நடுங்கின. எனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல இருந்தது. சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து இன்னொரு குலவை போட்டார்கள்.

அம்மா மட்டும் குலவை போடவில்லை. மஞ்சள் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, விளிம்பில் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். பாசித் தரையில் மாமாவின் கால் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. மேட்டுக்கு ஏற முடியவில்லை. என்னையும் சேர்த்து இழுக்க ஒருத்தி பலம் போதவில்லை. கத்தியிருக்கலாமே என்று பின்னாளில் கேட்டேன். கத்தினேன், உறுமியில் யாருக்கும் கேட்கவில்லை என்றாள். அந்த நேரத்தில்தான், வாயைக் கொப்புளித்த அந்தக் கிழவி அம்மா இழுப்பதைப் பார்த்துவிட்டு, "ஏய், வடம் புடிங்கடி!" என்று கூவினாள். சாமியை ஏதோ முறைப்படி கரைக்கு அழைக்கிறாள் என்று அவளுக்கு எண்ணம். உடனே பத்துப் பதினைந்து பெண்கள் துணியைப் பிடித்துக்கொண்டார்கள். தேர் இழுப்பதுபோல இழுத்தார்கள். நான் அசைந்து அசைந்து கரையை நோக்கி வந்தேன். முதலில் மாமாவின் நெற்றி தெரிந்தது, பிறகு மூக்கு, பிறகு வாய். வாய் திறந்து, ஒரு சத்தம் வந்தது. அதையும் சாமியின் சத்தம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கரையில் அவரைக் கிடத்தியதும் அம்மா அவர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"சாமி வந்த ஒடம்ப அடிக்காதடி, பாவி!" என்று நாலு பேர் அவள் கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு மறுபடியும் அடித்தாள். மாமா பச்சைத் தண்ணீராகக் கக்கினார். பெரிய கங்காணி அவர் முன்னால் மண்டியிட்டுக் கைகூப்பினார்.

"தாயி, வாக்குச் சொல்லு. மழ எப்ப வரும்?"

மாமா இருமினார். கண்ணைத் திறந்தார். "கயிறு," என்றார். மறுபடியும் இருமிவிட்டு, "குறுக்க... ஒரு கயிறு கட்டுங்கடா," என்றார்.

ஆத்தாள் வாக்கு அது. கிராணி போய்ச் சொல்ல, துரை தொட்டியைக் கழுவிய கையோடு ஆழம் தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு தடித்த கயிறு கட்டி, பலகையிலும் ஒரு வரி சேர்த்தார். எங்கள் தோட்டத்துத் திருவிழாவிலும் ஒரு வழக்கம் சேர்ந்தது. சுங்கையில் தண்ணீர் திரும்பி வந்த பிறகும், கணுக்கால் நனைகிற இடத்தில்கூட ஒரு தம்பி மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நிற்பான், ஓர் அக்கா கரையில் பிடித்துக்கொள்வாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மாமா கல்யாணம் முடித்து ஜாசின் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போகும்வரைக்கும் அவரைச் சாமியாடி என்றே மதித்தார்கள். அவரும் மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் பெஞ்சில் படுத்து நீஞ்சிக் காட்டியதே இல்லை.

இதெல்லாம் பிற்பாடு. அன்றைக்குக் கரையில் எல்லாரும் மாமாவைச் சூழ்ந்து திருநீறு கேட்டுக்கொண்டிருந்தபோது நான் ஒரு பக்கம் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தேன். பிள்ளை பயந்துவிட்டது என்று யாரோ நெற்றியில் விபூதி பூசி ஊதினார்கள். நான் பயத்தில் அழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மாமா, எறக்கிட்டியே. இன்னொரு வாட்டித் தூக்கு."

அம்மா என்னை அடிக்கக் கையோங்கினாள். மாமா அவள் கையைத் தள்ளினார். உதடு நீலமாக இருந்தது. முட்டிபோட்டு எழுந்து, ஒரு நிமிஷம் அப்படியே நின்று மூச்சு வாங்கி, என்னை இடுப்பில் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினார். ஆனால் முன்னேபோல இல்லை. அவர் கைகள் இரண்டும் உதறின.

"ஆட்டாமப் புடி மாமா," என்று மேலேயிருந்து அவரை அதட்டினேன்.